வெளியே நின்று பாடியவர்

செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளி ஆயா வாசலில் வந்து நின்று, "மிஸ், உங்களுக்குப் போன். பீன்யாவுல இருந்தாம்" என்றார். கரும்பலகையில் பாதிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மறுமுனையில் பீன்யா தொழிற்சாலையில் என் கணவரோடு ஒரே பிரிவில் வேலை பார்க்கும் நஞ்சப்பா. எப்போதும் கன்னடத்தில் உரக்கப் பேசுகிறவர் அன்று தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகப் பேசினார். "அக்கா, ஞானராஜண்ணா கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனோம் அக்கா." கேன்டீன் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "பேக பர்பேகு அக்கா" என்றார். சீக்கிரம் வர வேண்டும் என்று. சீக்கிரம் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவர் குரலிலேயே இருந்தது.

என் கணவர் ஞானராஜைப் பற்றி நம் ஆலய மாத இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஆயர் கேட்டார். ஒரு பக்கத்தில் முடியவில்லை, மன்னிக்கவும். அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் கடைசி ஆண்டுகளில் ஒரு கேள்வியாகவே இருந்தார். ஞாயிறு தவறாமல் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாட்டுப் புத்தகத்தோடு வருகிற மனிதர் ஏன் உள்ளே வராமல் கேட் பக்கத்தில் நிற்கிறார்? சிலர் என்னிடமே கேட்டீர்கள். "வெளிய காத்து நல்லா வருதாம்" என்று சிரித்து மழுப்பினேன். எனக்கே அப்போது முழுப் பதில் தெரியாது.

நம் ஆலயத்து ஆண்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. மனைவியையும் பிள்ளைகளையும் வாசலில் இறக்கிவிடுவார்கள். ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்துவார்கள். நிறுத்திய இடத்திலேயே நாலு பேராகக் கூடி கிரிக்கெட், வீட்டுமனை, ஓவர்டைம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஆசீர்வாதத்துக்குக் கதவருகே வந்து தலை குனிவார்கள். ஞானராஜின் தகப்பனாரும் அப்படித்தான் இருந்திருக்கிறார். கல்யாணமான புதிதில், மற்ற ஆண்களோடு நிற்காமல் முதல் மணிக்கே உள்ளே போய் உட்காருகிற இவரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். கேட்டேன்.

"எங்கப்பா நல்ல மனுஷன்தான் எஸ்தரு" என்றார். "வாராவாரம் கேட் வரைக்கும் கொண்டாந்து விடுவாரு. 'போ, உள்ள போயி நல்ல பிள்ளையா இரு'ம்பாரு. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போவேன். உள்ள அவ்ளோ நல்லது இருந்தா இவரு ஏன் வரமாட்டேங்குறாருன்னு இருக்கும். நமக்குப் பிள்ளைங்க பொறந்தா நான் அனுப்ப மாட்டேன். கூட்டிட்டுப் போவேன்."

அப்படியே கூட்டிப் போனார். மகன் அருண் பிறந்த வருடத்திலிருந்து அவன் இடம் ஆண்கள் பக்கத்தில், அப்பாவின் மடி. லீனா பிறந்ததும் அவளும் அந்தப் பக்கமே போனாள். பெண்கள் பக்கத்தில் நான் மட்டும் கையை வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்து அம்மாக்களுக்கு அதில் பொறாமை உண்டு.

அவரைப் பரிசுத்தவானாக எழுதிவிடப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர் வேறென்ன செய்வார்? குறட்டை வந்தால் கிள்ளி எழுப்பும் வேலை லீனாவுக்கு. ஒருமுறை அவள் பலமாகக் கிள்ளிவிட, "ஆமென்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விழித்தார். ஆயர் அப்போது ஆலயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் செலவைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கோபித்தேன். "தூங்குற பிள்ளையை எந்தத் தகப்பன்மா எழுப்புவான்? ஆண்டவரே சும்மா இருக்காரு, உன் பொண்ணு கிள்ளுறா" என்றார். லீனா பின்சீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தது என் முதுகில் அதிர்ந்தது. இப்போதும் அந்த அதிர்வு முதுகில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. அவர் ஷிப்டுதான் நேரம். முதல் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம், இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பள்ளிக்குப் புறப்படும் முன். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் உண்ணும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவர் புறப்படும் முன். முதலில் பாட்டு. அவருக்குச் சுருதி சேராது, குரலோ பெரிது. அவர் பாடினால் தெருவே கேட்கும். தாசரஹள்ளியில் நாங்கள் குடியிருந்தபோது, "ராஜண்ணன் ஹாடு ஷுரு ஆயிது, குக்கர் இடு" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவார்களாம். அவர் பாட்டு ஆரம்பித்துவிட்டது, குக்கரை ஏற்று என்று.

அந்த வீட்டில் இருக்கும்போதுதான் தொண்ணூற்றொன்று டிசம்பர் வந்தது. காவிரிக் கலவரம். தமிழ் எழுதிய கடைப் பலகைகளை அவரவரே கழற்றி உள்ளே வைத்த நாட்கள். வீட்டுக்காரம்மா கெம்பம்மா கதவைத் தட்டி, "ராஜண்ணா, ஈ வாரா ஹாடு பேடா" என்றார். இந்த வாரம் பாட்டு வேண்டாம். அதட்டலாகச் சொல்லவில்லை, எங்களுக்காகப் பயந்துதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய் எங்கள் வாசற்படியில் காய் நறுக்குகிற சாக்கில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அவர் விளக்கைக் குறைத்தார். அருணுக்கு ஐந்து வயது, அவர் தொடையில் சாய்ந்திருந்தான். இன்று பாட்டு கிடையாது என்று நான் நினைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனகத் தொடங்கினார். நாங்கள் தினமும் பாடுகிற பாட்டுதான். அருண் நிமிர்ந்து அவர் வாயை விரலால் பிரித்துப் பார்த்தான்.

"அப்பா, வார்த்தையெல்லாம் எங்கப்பா?"

"உள்ள வெச்சிருக்கேன் ராஜா. நீயும் உள்ள வெச்சுக்கோ. அப்புறமா எடுத்துப் பாடிக்கலாம்."

அவனும் முனகினான். லீனா தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கத்தி காயில் இறங்கும் சத்தம் நிற்கவே இல்லை. அடுத்த வருடம் நாங்கள் மர்பி டவுனுக்கு, என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், வந்துவிட்டோம். பாட்டு மறுபடி தெருவுக்குக் கேட்டது. ஆனால் என் கணவரின் குரலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குரலே இல்லாத அந்தப் பாட்டுதான்.

இனி எழுதுவது கொஞ்சம் கசப்பானது. சபைத் தேர்தல் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். யார் எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. ஆலய வளாகத்துக்குள் போலீஸ் வேன் வந்தது. சட்டைகள் கிழிந்தன. சட்டையைப் பிடித்தவர்களில் ஒருவர் அருணுக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக் கொடுத்தவர். அருணுக்கு அப்போது பதினாறு. முதல் திருவிருந்து எடுப்பதற்கான திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். மறுவாரம் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, கேட்டுக்கு உட்புறம், மரத்தடியிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வா தம்பி" என்றேன்.

"வரலம்மா. உள்ள போனா எனக்கு அவங்க மூஞ்சிதான் தெரியுது. கண்ணை மூடுனாலும் அதான்."

அன்று ஞானராஜ் கத்தினார். வாழ்நாளில் பிள்ளையிடம் அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுத்தார். அருண் அவரைவிட உயரம், அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கையை விட்டார். விட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் உள்ளே போனோம். பிரசங்கத்தின்போது அன்று அவர் தூங்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் தன் அருகே காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு நானும் லீனாவும் படியேறினோம். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். மரத்தடியில் அருண் பக்கத்தில், கையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது, ஒளிக்க வேண்டியதில்லை. மகன் வெளியே நின்றால் வயசுக் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பனும் நின்றால்? வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன்.

"அவனை உள்ள கூட்டிட்டு வருவீங்கன்னு பாத்தா நீங்களும் வெளிய போயிட்டீங்க. கேட் வரைக்கும் விட்ட உங்கப்பாவை அவ்ளோ பேசினீங்க, இப்ப நீங்க நிக்குற எடம் என்ன எடம்?"

அவர் தட்டில் கை கழுவிக்கொண்டே யோசித்தார். "எங்கப்பா நின்னப்ப நான் உள்ள இருந்தேன். தனியா. இப்ப அவன் வெளிய தனியா நிக்குறான். தனியா விடக்கூடாதுன்னுதான எஸ்தரு நான் சொன்னேன்?"

"இப்படியே நின்னா அவன் எப்ப உள்ள வருவான்?"

"தெரியலையே. விசுவாசத்தை நான் அவன் சட்டைப் பையில போட்டு அனுப்ப முடியாது. என்கிட்ட இருக்கறதை அவன் பாக்கட்டும். பக்கத்துல இருந்தாத்தான பாப்பான்."

பிறகு கொஞ்சம் சிரித்தார். "நீ ஜன்னலோரமா உக்காரு. உள்ள ஒரு ஆளு, வெளிய ஒரு ஆளு. நடுவுல ஜன்னல்தான? செவுரு இல்லியே."

மறுவாரம் பெண்கள் பக்கத்தில் மரத்தைப் பார்த்த ஜன்னலருகே போய் உட்கார்ந்தேன். பிறகு அதுவே என் இடமாகிவிட்டது.

அதன்பின் நடந்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உள்ளே ஆர்கன் தொடங்கும். நாம் பாடுவோம். பாதி அடி பிந்தி, ஜன்னல் வழியாக, சுருதி சேராத ஒரு பெரிய குரல் வந்து சேரும். பாடகர் குழுவிலிருந்து ஒரு தம்பி என்னிடம், "ஆன்ட்டி, அங்கிளைக் கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்லுங்க, எங்களுக்குத் தாளம் போகுது" என்றான். சொன்னேன். அடுத்த வாரம் இன்னும் சத்தமாக வந்தது. மரத்தடி நண்பர்கள் விடவில்லை.

"இன்னா ஞானராஜு, உன்னையும் வெளிய தள்ளிட்டாங்களா?"

"ஹெல்மெட்டுக்குக் காவல்ண்ணே. போன வாரம் உங்களுது காணாமப் போச்சுன்னீங்களே."

பேசிக்கொண்டிருந்தவர்கள் இவர் பாட ஆரம்பித்தால் தயங்குவார்கள். சிலர் தள்ளிப் போய் நிற்பார்கள். ஓரிருவர் பேச்சை நிறுத்திவிட்டு, வேறு வழியில்லாமல், கேட்டுக்கொண்டிருப்பார்கள். திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் புத்தகத்தை அருணிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். முழங்காலில் நின்று அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு, என்னைக் கடந்து, நேரே வெளியே போய்விடுவார். அருண் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பான். எந்தப் பக்கம் என்று விரலை அதில் வைத்திருப்பான். ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கத்தான் நான் ஒவ்வொரு மாதமும் காத்திருப்பேன்.

"ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கார்பரேட்டர் பத்தி."

"ஜெபம், வேதம், ஒண்ணும் இல்லையா?"

"அவன் கேட்டாச் சொல்வேன். கேக்கல. கார்பரேட்டர் கேட்டான், சொன்னேன்."

இரண்டு வருடங்களுக்கு மேல் இப்படியே போயிற்று. அருண் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். மீசை அரும்பியது. அவன் ஒரு நாளும் பாடவில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் வீட்டில் இருந்துவிடவும் இல்லை. "அப்பா தனியா நிப்பாரும்மா" என்பான். யாருக்கு யார் காவல் என்று எனக்குச் சில நாள் புரியாது.

அடக்க ஆராதனைக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். பெட்டியின் முன்பக்கத்தை அருண் தோளில் தாங்கி வந்ததைப் பார்த்தீர்கள். கேட்டில் நிற்காமல், மரத்தடியில் நிற்காமல், படியேறி, நடுப்பாதை வழியாக வந்து இறக்கி வைத்தான். ஆராதனை முடியும்வரை அப்பாவின் தலைப்பக்கத்தில் நின்றான். கல்லறையிலிருந்து திரும்பும்போது அன்போடு பலர் என் கையைப் பிடித்து, "பையன் உள்ளே வந்துட்டான், ஸ்தோத்திரம்" என்றீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அது எனக்கு வலித்தது. ஒருவர் போய் ஒருவர் வருவதற்கு இது என்ன ஷிப்டா என்று நினைத்தேன். அன்று அவன் ஒரு மகனாக அப்பாவைச் சுமந்து வந்தான். அதற்கு மேல் அதில் எதையும் தேட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் மறுபடி மரத்தடியில் நின்றான். அப்பா நின்ற இடத்தில், அவர் பாட்டுப் புத்தகத்தைக் கையில் மூடி வைத்துக்கொண்டு. நான் படிக்கட்டிலிருந்து திரும்பி அவனிடம் போனேன்.

"நானும் இங்கயே நிக்குறேன் தம்பி."

"வேணாம்மா. நீங்க உள்ள போங்க. ஜன்னல்கிட்ட."

"அப்பா சொன்னாரா?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆர்கன் தொடங்கியது. பாதி அடி பிந்தி வரவேண்டியது வரவில்லை. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. இத்தனை பேர் பாடுகிற ஆலயத்தில் அந்த ஒரு குரல் இல்லாதது எப்படி அவ்வளவு உரக்கக் கேட்கும் என்று எனக்கு விளங்கவில்லை. லீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. பாட்டு வரும்போதெல்லாம் நான் வாயைத் திறக்காமல் காதை ஜன்னலில் வைத்திருந்தேன். அவர் இருந்தபோது அந்தக் குரலுக்காக வெட்கப்பட்டவள் நான். இப்போது அது ஒரே ஒரு வரி வந்தால் போதும் என்று இருந்தது.

போன ஞாயிறு மழை. இரண்டாம் பாட்டுக்கு முன்னாலேயே சாரல் உள்ளே அடித்தது. ஆலயப் பணியாளர் மாணிக்கம் வரிசையாக ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்தார். என் ஜன்னலுக்கு வந்ததும் நான் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"நனையுறீங்கம்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

"பரவாயில்ல மாணிக்கம்."

அவர் வெளியே ஒருமுறை பார்த்தார். பிறகு சாத்தாமல் அடுத்த ஜன்னலுக்குப் போனார். மரத்தடியில் ஒருவரும் இல்லை, மற்ற ஆண்கள் எல்லாம் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்தார்கள். அருணைக் காணோம். எட்டிப் பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவன் நனைந்த தலைமுடி மட்டும் தெரிந்தது. புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தான்.

உள்ளே பாட்டு தொடங்கியது. தாசரஹள்ளி வீட்டில் நாங்கள் தினமும் பாடிய அதே பாட்டு. நாம் இரண்டாம் சரணத்துக்குப் போகும்போது, பாதி அடி பிந்தி, கீழேயிருந்து ஏதோ வந்தது. மழைச் சத்தமோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. வாயை மூடிக்கொண்டு முனகுகிற மெட்டு. வார்த்தை ஒன்றும் இல்லை. லீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் அந்த டிசம்பரில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

அது ஜெபமா, அப்பாவைத் தேடுவதா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அவன் ஸ்கூட்டரைப் பற்றிப் பேசினான். கேட்டுக்கொண்டு வந்தேன்.

என் கணவரின் பொருள்களில் வேலைச் சட்டைகளை நஞ்சப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பாட்டுப் புத்தகம் அருணிடம் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது பெண்கள் பக்கத்தில் மரத்தைப் பார்த்த அந்த இடம். அங்கே உட்கார்ந்து காத்திருப்பது எப்படி என்பதை அவர் எனக்கு நின்றே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரை நேசித்த உங்களிடம் கேட்பது ஒன்றுதான். என் மகனைப் பார்த்தால் உள்ளே வா என்று கூப்பிட வேண்டாம். அவனுக்கு வழி தெரியும். மழை பெய்தாலும் அந்த ஒரு ஜன்னலைச் சாத்தாமல் விடுங்கள். வார்த்தைகளை அவன் உள்ளே வைத்திருக்கிறான்.